கயலைச் சோம்பேறி என்று சொல்லாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் கயலுக்கு ஹீமோகுளோபின் 8.6 என்று சொன்னதும், "ஒழுங்காச் சாப்பிட்டால்தானே, சோம்பேறி" என்று அவளிடமே சத்தம் போட்டாய். போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. அதனால் எழுதி அவள் பையிலேயே வைக்கிறேன்.

கயல் இங்கே வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அடுப்படியில் அரிசி டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒரு கைப்பிடி பச்சரிசியை வாயில் போட்டு நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் திட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. அரிசி, சாம்பல், செங்கல் தூள் என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவில் வருவதுதான். வேலையில் இருந்தபோது எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டேன். மாதம் எட்டு நாள் போகிறதாம். முதல் இரண்டு நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதாம். "அம்மாகிட்ட சொன்னியாம்மா?" என்றேன். "சொன்னா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க அம்மாச்சி" என்றாள்.

செல்வி, உனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ பிளஸ் டூ படிக்கும்போது புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுவாய். நான் ஊரெல்லாம் தெருத்தெருவாகப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்து, உன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். உன் இமையை ஒரு நாளும் இழுத்துப் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதே சொல்லை நீ கயலிடம் சொல்லக் கேட்டபோது தாங்க முடியவில்லை.

இந்த வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு இது இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கயல் நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறாளாம், குமட்டுகிறதென்று. சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அப்படியே கொடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ வேண்டாம், அது சத்தைச் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது. எண் ஏறியதும் நிறுத்திவிடாதே. உடம்பில் இருப்பு சேர இன்னும் சில மாதம் போட வேண்டும். குடற்புழு மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மாத்திரை மட்டும் போதாது. இவ்வளவு ரத்தம் ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போ. கல்யாணமாகாத பெண்ணை எதற்கு அங்கே என்று உன் மாமியார் கேட்டால், நான் சொன்னேன் என்று சொல். தைராய்டு, ரத்தம் உறைவதில் கோளாறு ஏதும் உண்டா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். உள்ளே போனதும் கயலைப் பேச விடு, நீ முந்திக்கொண்டு சொல்லாதே. மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரியட்டும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அரிசி தின்றதற்காக அவளை ஏசிவிடாதே. என்னை நம்பித்தான் சொன்னாள், உன்னிடம் சொல்லச் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

முருங்கைக்கீரை உருவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்த அன்றே சமைத்துவிடு. லேபுக்கு அவளோடு போகும்போது நீயும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வா. எண் எவ்வளவு என்று எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா