ஜூலையிலும் காயாத சுவர்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். பேரன் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறான் என்பதில் இன்னும் சந்தோஷம். இனி சுவர் சங்கதி.

"நீங்கள் ஜன்னல் திறப்பதில்லை, அதனால்தான் பூஞ்சணம், டெபாசிட்டில் பிடித்துக்கொள்வேன்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்கிறாய். ஆனால் நீயே எழுதியிருக்கிறாய்: முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளிக்கிறது, தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது, ஜூலையிலும் காயவில்லை. அந்தப் பொடி உப்பு. சமையல் ஆவியும் மூச்சுக்காற்றும் உப்புக் கக்காது. அந்த ஈரம் மேல் மூலையிலும், ஜன்னல் சட்டத்திலும், அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளியாகத்தான் வரும். மண்ணிலிருந்து செங்கல் வழியாக ஏறும் தண்ணீர்தான் உப்பைச் சுமந்து வரும். சுவர் முகத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மழை ஒழுகல் என்றால், மழை குறைந்த நம் ஊர்க் குளிர்காலமான ஜூலையில் காய்ந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் வாதாடும் முன் சோதித்துவிடு. பொடி உதிராத கெட்டியான இடத்தைத் துடைத்து, ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டு. இரண்டு நாள் கழித்துப் பார். அறைப் பக்கம் நனைந்திருந்தால் வீட்டுக் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. அதோடு, படுக்கும்போது குழாயெல்லாம் மூடி, தண்ணீர் மீட்டரைப் படம் எடு. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குள் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. அது வேறு வேலை.

வெளியே போய் அடிச்சுவரையும் பார். செங்கல் வரிசைகளுக்கு நடுவே கறுப்புத் தாள் ஒன்று கோடுபோல் தெரியும். ஈரம் ஏறாமல் தடுக்க வைப்பது அது. முற்றத்துத் தரை அதற்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். நம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், வாடகைக்கு விடும் அவுட்பில்டிங்குகளில் (பெரிய வீட்டை அடுத்துத் தனியாகக் கட்டிய சின்ன வீடுகளில்) வழக்கமாக நடப்பது இதுதான்: கார் நிறுத்தப் பின்னாளில் கான்கிரீட் போட்டு அந்தக் கோட்டையே மூடிவிடுவார்கள், அல்லது சுவரை ஒட்டிச் செம்பருத்திப் பாத்தி கட்டுவார்கள். தண்ணீர் தடுப்பைத் தாண்டி ஏறிவிடும். அப்படியானால் மண்ணை வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடியும். தாளே கிழிந்துபோயிருந்தால் அடிச்சாந்து வரிசையில் சுமார் 120 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, ஈரத்தடுப்புக் களிம்பு ஏற்ற வேண்டும். பழைய பூச்சையும் ஒரு மீட்டர் வரை கொத்தியெடுக்க வேண்டும். உப்பேறிய பூச்சு, ஏற்றம் நின்ற பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்று காயும் கணக்கு; 220 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்பது மாதம். அதற்குள் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் மறுபடி கொப்பளிக்கும். உன் வீட்டுக்காரர் இதைத்தான் செய்யப் பார்ப்பார், பார்த்துக்கொள்.

இதெல்லாம் அவர் செலவு. உன் பங்கும் உண்டு, கோபித்துக்கொள்ளாதே: துணியை அறைக்குள் உலர்த்தாதே, குளித்ததும் ஜன்னலைத் திற, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை. பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு ஜிக் (ப்ளீச் திரவம்), பத்துப் பங்கு தண்ணீர், கையுறை போட்டுத் துடை. வினிகரோ அம்மோனியா கலந்த திரவமோ ஜிக்கோடு சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை வரும். சாம்பிராணி போட்டால் நாற்றம் போகும், ஈரம் போகாது.

டெபாசிட் விஷயம் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. குடிபோகும் முன் இருவரும் சேர்ந்து பார்த்துக் குறைகளை எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளைத் தேடு. ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். உன்னை வைத்துக்கொண்டு அவர் பார்க்காவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. எதையாவது பிடித்தால் ரசீது காட்ட வேண்டும். பாக்கி இல்லையென்றால் ஏழு நாளில் வட்டியோடு டெபாசிட் உன் கைக்கு வர வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதே. வாடகையை நிறுத்தாதே, உன் பேரில் குற்றம் திரும்பிவிடும். அளவு நாடா வைத்து எடுத்த படங்களோடு, தேதி போட்டு, பதினாலு நாள் கெடு கொடுத்து அவருக்கு எழுது. அசையாவிட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம், இதில் எது முந்துகிறதோ அதுவரை, வாடகை ஒழுங்காகக் கட்டுகிற உன்னை அவர் வெளியேற்ற முடியாது. தேவையான பராமரிப்பையும் அவர் செய்தாக வேண்டும்.

புரட்டாசிக்கு வீடு கழுவும்போது அந்தச் சுவரில் தண்ணீர் அடித்துவிடாதீர்கள், சோதனை கெட்டுவிடும். அலுமினியத் தாளின் எந்தப் பக்கம் நனைந்தது, மீட்டர் நகர்ந்ததா என்று எழுது. அவருக்கு அனுப்பும் கடிதத்தை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்