பள்ளி முடியும் நேரம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாகவே போனது. பொங்கல் விழா, குறுக்கோட்டம், திருக்குறள் மனனப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், பள்ளி முடியும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடவேளையில்தான் சொல்வதெழுதுதல் நடக்கிறது. அதே நேரத்தில் தாழ்வாரத்தில் பேச்சும் கைப்பேசி வீடியோவும், வாசலில் ஹார்னும் சேர்ந்துகொள்கின்றன. போன வாரம் ஆசிரியை ‘புளி’ என்று சொல்ல, சன்னலோர வரிசையில் பலர் ‘புலி’ என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சரியாக எழுதியிருந்தார்கள்.

பெரியவர்களுக்கு இந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை நம் மூளை ஊகித்துக்கொள்ளும். ஏழு வயதில் அது அவ்வளவு எளிதல்ல. பிறக்கும்போதே குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் கேட்டதைப் பிரித்தறியும் மூளைப் பகுதிகள் பதின்ம வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிடிக்கும் திறனும் அப்படித்தான், மெல்ல மெல்ல வருவது.

இன்னொன்றும் உண்டு. கனடாவில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைகள், ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளை வேறுபடுத்தினார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது என்று உளவியல் ஆய்வாளர்களான ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். கேட்டுப் பழகிய ஒலிகளுக்குத்தான் மூளை கூர்மையாகிறது. மலாயும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் நம் கோலாலம்பூர் வீடுகளில், ள, ழ தெளிவாகக் காதில் விழும் இடம் பல பிள்ளைகளுக்கு வகுப்பறை மட்டுமே.

எல்.ஆர்.டி. ரயில் சத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது. ஹார்னை நிறுத்த முடியும். ஆகவே, அடுத்த திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் வரை பெற்றோர் யாரும் வகுப்பறைத் தாழ்வாரத்தில் நிற்கக் கூடாது. வாசலில் ஹார்ன் அடிக்கக் கூடாது. இதைப் பள்ளி விதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; யாருக்கும் விலக்கு இல்லை.

வேலைக்கு நடுவே ஓடி வருகிறீர்கள், வெயிலில் காத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு மண்டபத்தில் நாற்காலியும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்காக நேரத்தோடு வரும் தாத்தா பாட்டிகள் அங்கே வசதியாக உட்காரலாம். இதுவரை நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்