புல்வெட்டி மெஷினும் ஒரு பழைய ஃபிட்டரும்

அன்புக் கூட்டாளிக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மகள் ஃபோனில் சொன்னாள். கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். புதுக் கண்ணாடி வரும்வரை அவளையே படித்துக் காட்டச் சொல். எனக்கு முட்டிவலி அப்படியேதான். மற்றபடி சுகம்.

போன மாதம் செம்பவாங்கில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். மாதாமாதம் புல் வெட்ட வருகிறவர் ஊருக்குப் போய்விட்டதால் வாசல் காடாகிக் கிடந்தது. மருமகனின் பெட்ரோல் புல்வெட்டி மெஷின் இரண்டு வருஷமாக ஸ்டோர் ரூமில் தூங்குகிறது. "கிளம்பாது மாமா, தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரி மெஷின் வாங்கிவிடலாம்" என்றார். ஷிப்யார்டில் கப்பல் எஞ்சினைப் பிரித்துப்போட்ட ஆளிடம் சொல்கிற பேச்சா இது?

பழைய தமிழ் முரசை விரித்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் பொறி நன்றாகவே வந்தது. அப்போ கோளாறு பெட்ரோல் வழியில்தான். டேங்கைத் திறந்ததும் வார்னிஷ் நாற்றம்! ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு மாதம் தாண்டினாலே கெட ஆரம்பிக்கும். இதுவோ இரண்டு வருஷச் சரக்கு. டியூப் கையில் எடுத்ததுமே அப்பளமாக நொறுங்கியது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போய்விட்டது. அது வளைந்து கொடுத்தால்தானே பெட்ரோலை உறிஞ்சும்? சைலன்சர் வலையிலும் ஒரே கரி.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் டியூப், ஃபில்டர், டயாஃப்ரம் செட் எல்லாம் சேர்த்து 18 வெள்ளி. கடை முதலாளி தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்து, "அங்கிள், நீங்களே மாட்டுவீர்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் கேட்டதும் சரிதான். பிரிக்கும்போது பேத்தி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு எதுக்கும்மா படம்?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் பூட்டினேன். இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டைதான் கழன்றது. அப்புறம் மெதுவாக அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இந்தக் கார்புரேட்டரில் பம்ப் பக்கம் உடலோடு ஒட்டி முதலில் டயாஃப்ரம், அதன்மேல் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட். மறுபக்கம் அப்படியே தலைகீழ்: முதலில் கேஸ்கெட், பிறகுதான் டயாஃப்ரம். நான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருந்தேன். ஃபோர்மேன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

மாற்றிப் பூட்டி, 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றினேன். நம் காலத்தில் இதற்கு இரண்டு பங்கு ஊற்றுவோமே, அந்தப் பழக்கத்தில் கை தாராளமாகச் சாயப் பார்த்தது. சோக் போட்டு இழுத்ததும் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி டப் டப்பென்று ஜன்னலை மூடினார். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் புல்லை வெட்டும் நைலான் கயிறு சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா ஓடும்போதுள்ள வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தியதும் கிளட்ச் விட்டு, கயிறு நின்றுவிட்டது.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுப் புல்லையும் அவரே வெட்டினார், பேட்டரி மெஷின் பேச்சே இல்லை.

குளுவாங்கில் உன் தோட்டத்து மெஷினும் மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்ததாகச் சொன்னாயே. டேங்கில் பெட்ரோல் இருந்தால் இன்றைக்கே வடித்துவிடச் சொல். கார்புரேட்டர் மேலேயே நம்பர் பொறித்திருக்கும், மகளிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பு. இங்கிருந்தே டயாஃப்ரம் செட் வாங்கி வருகிறேன். ஆனால் பிரித்து வைத்துவிடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். பேத்தியும் வருகிறாள்.

உன் கூட்டாளி