'எங்கிருந்தும் இல்லை' சங்கத்துக்கு நன்றி மடல்

ஜார்ஜியா கில்மோர் அம்மாவுக்கும், அவரோடு சேர்ந்து சமைத்த, பெயர் வெளியே தெரியாத மற்ற அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

நான் அட்லாண்டா பக்கம் இருப்பவள். போன மாதம் அலபாமாவில் உள்ள உங்கள் ஊர் மான்ட்கமரிக்குக் காரில் வந்திருந்தேன். டெரிகோட் தெருவில் உங்கள் வீட்டைத் தேடி இரண்டு முறை சுற்றினேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, நினைவுப் பலகை நிற்கும் இடத்தைக் காட்டினார். முதல் நன்றி அவருக்கு.

பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதான கதை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம். மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சைக்கூட ஒப்பிப்பார்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியவந்தது ஐம்பது வயதுக்கு மேல்தான்.

முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். உங்கள் ஊர் பஸ்களில் அப்போது கறுப்பர்களுக்கு அதுதான் நடைமுறை. 1955 அக்டோபரில் நீங்கள் காசைப் போட்டீர்கள். இறங்கிப் பின்பக்கம் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இனி இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அன்றே முடிவெடுத்துவிட்டீர்கள். ரோசா பார்க்ஸ் கைதானதை எதிர்த்து ஊரின் கறுப்பர்கள் எல்லாரும் பஸ்ஸைப் புறக்கணித்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

381 நாள் நடந்தது அந்தப் புறக்கணிப்பு. எண்ணைச் சொல்வது சுலபம். எத்தனை பேருடைய வேலை அது! பார்க்ஸ் கைதான டிசம்பர் 1 அன்று இரவே, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தன் கல்லூரியில் உட்கார்ந்து, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார் (நாங்கள் சைக்ளோஸ்டைல் என்போமே, அதில்). டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளை ஏற்றினார்கள். குறைந்தது 45 சென்ட் வாங்கியாக வேண்டும் என்று நகராட்சி மிரட்டியதும், சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறை வைத்து ஓட்டினார்கள். தேவாலயங்கள் தங்கள் பெயரில் வண்டி வாங்கின. 'உருளும் தேவாலயம்' என்று அதற்குச் செல்லப்பெயர். உள்ளூரில் அந்த வண்டிகளின் காப்பீட்டை ரத்து செய்தபோது, லண்டனில் உள்ள லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வரை போய் வாங்கி வந்தார்கள். காரே கிடைக்காதவர்கள் நடந்தார்கள்.

சரி, பெட்ரோலுக்குப் பணம்? அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். முதல் பொதுக்கூட்டத்திலேயே சாண்ட்விச் விற்கத் தொடங்கினீர்கள். அப்புறம் பொரித்த கோழி, மீன், பை (pie), கேக் என்று வளர்ந்தது. சமைத்தவர்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பணம் மொத்தமும் உங்கள் கைக்கு வந்தது. கூட்டத்தில் எழுந்து அந்த வாரத் தொகையை நீங்கள் கொடுப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்தும் இல்லை." சங்கத்தின் பெயரே அதுதான்! அந்தக் கேக்கை வாங்கித் தின்ற வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

மற்றவர்கள் பெயரைக் காப்பாற்றினீர்கள், உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. 1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் கூண்டேறி, அந்த பஸ் ஓட்டுநர் செய்ததைச் சொன்னீர்கள். சமையல்காரியாக இருந்த கடையில் வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லிக் கைமுதல் கொடுத்தவர் கிங். அதன்பின் உங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் எத்தனை ஆலோசனைகள்!

இதெல்லாம் காந்தியிடம் கற்றதுதானே என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், கிங்கே சொல்லியிருக்கிறார். ஆனால் காந்தி வந்து கோழி பொரிக்கவில்லை.

இப்போது எங்கள் கதை. 1946இல் வந்த சட்டப்படி இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம். அது மாறியது 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜனாதிபதி ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் போட்ட கையெழுத்தால். அதற்கு முந்தைய வருடம்தான் சிவில் உரிமைச் சட்டம். இரண்டு மாதம் முன்புதான் வாக்குரிமைச் சட்டம். நாட்டுக்குள் தோலைப் பார்த்து ஆளை ஒதுக்குவது தப்பு என்று ஒப்புக்கொண்டபின், வாசலில் மட்டும் பிறந்த நாட்டைப் பார்த்து வடிகட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது? வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கதவைத் தள்ளிய கைகளில் மாவு ஒட்டிய கைகளும் இருந்தன.

என் மாமனார் 1972இல் ஒரு பெட்டியோடு வந்தார். அவர் சொல்லும் கதையில் கிண்டி பொறியியல் கல்லூரி வரும், ரேங்க் வரும், முதல் பனிக்காலம் வரும். நீங்கள் வரமாட்டீர்கள். நான் வந்த புதிதில் எங்கள் ஆட்களிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் அறிவுரையும் அந்த மாதிரிதான்: "அந்தப் பக்கம் வீடு பார்க்காதே, கறுப்பர்கள் அதிகம்." நானும் தலையாட்டினேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இந்த மடலில் நன்றியோடு அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நன்றி, அம்மா. உங்களுக்கும், பெயரை மறைத்துக்கொண்டு கேக் சுட்டவர்களுக்கும், முறை வைத்துக் கார் ஓட்டியவர்களுக்கும், நடந்தவர்களுக்கும். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே எழ மறுத்து, பிறகு பஸ்ஸில் இனம் பிரிப்பதை எதிர்த்த வழக்கிலும் பெயர் கொடுத்த பதினைந்து வயது கிளாடெட் கோல்வினுக்கும்.

எங்கள் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்தோ உறவுக்காரர் வீட்டிலிருந்தோ சோறு வரும். நீங்கள் 1990 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு நடந்த செல்மா நடைப்பயணத்தின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு வருபவர்களுக்காக, விடியற்காலையிலேயே எழுந்து கோழியும் மக்ரோனியும் சமைத்து வைத்தீர்கள். அந்த நாட்களிலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் நீங்கள் சமைத்து வைத்ததையே சாப்பிட்டார்களாம்.

இப்படிக்கு,
1972இல் வந்தவரின் மருமகள்