தொழில்நுட்பக் கல்லூரிகளில் தமிழ் மொழிமூலக் கற்கைக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குச் செல்வோரைப் பற்றியே பேச்சு நடக்கிறது. மற்றப் பிள்ளைகள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் அயலிலுள்ள கராஜ்களுக்கும் சத்தமின்றிப் போய்ச் சேர்ந்து விடுகின்றனர். உயர்தரம் வரை சென்று பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. இவ்விரு பிரிவினருக்கும் பொதுப் பணத்தில் நடக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகள் திறந்திருந்தும், அவற்றைப் பற்றி எமது வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும், படிப்பு வராத பிள்ளைக்கான இடம் என்றே பேசுகிறார்கள்.

இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியின் வரலாறே போதும். 1893இல் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலையாக அது தொடங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் ஆரம்பிக்கப்பட்டது அந்த வளாகத்திலேதான்; 1964இல் அது பேராதனைக்கு மாறியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தனது வேரை அங்கிருந்தே கூறுகிறது. அக்கல்லூரியை அண்டிய டெக்னிக்கல் சந்தியில் நாளாந்தம் பஸ் ஏறி இறங்கும் எம்மவர்கள் எத்தனையோ பேர். உள்ளே என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே.

மின்னிணைப்பு, நீர்க்குழாய் பொருத்துதல், வெல்டிங், மோட்டார் வாகனத் திருத்தம், குளிரூட்டல் போன்ற துறைகளில் இக்கல்லூரிகளில் கற்றுப் பெறும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழும், ஐந்தாம் ஆறாம் மட்டங்களில் டிப்ளோமாவும், ஏழாம் மட்டத்தில் பட்டமும் உண்டு. இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை இந்த ஏணி செல்கிறது. ஒரு பட்டறையில் கால் வைக்கும் பிள்ளை பட்டதாரியாகவும் வெளியேறலாம் என்பதைப் பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த ஏணியின் முதற்படியிலேயே மொழி தடுக்கிறது. கொட்டாஞ்சேனையில் என்னிடம் கணிதம் படித்த மாணவன் ஒருவன் கொழும்பை அண்டிய ஒரு பொதுக் கல்லூரியில் மின்னிணைப்புப் பாடநெறியில் சேர்ந்தான். கல்லூரியின் பெயர் இங்கு அவசியமில்லை. அவனது குறிப்புக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது, போதனாசிரியர் சிங்களத்தில் சொன்னவற்றை ஒலிக்கு ஒலி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான். வீட்டுக்கு வந்த பின் ஒவ்வொரு சொல்லாக அண்டை வீட்டாரிடம் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் பொருள் குறித்திருந்தான். புவித்தொடுப்புக் கம்பியை, அதாவது எர்த் வயரை, ஏன் தனியாக இட வேண்டும் என்பதை அவன் எனக்கு நன்றாகவே விளக்கினான். பலகையில் இணைப்புகளைப் பிழையின்றிச் செய்தும் காட்டினான். எழுத்துப் பரீட்சையில்தான் கேள்வியே விளங்கவில்லை. பாதியில் விலகி, இப்போது ஒரு பாஸிடம், அதாவது கைதேர்ந்த தொழிலாளியிடம், நாட்கூலிக்கு உதவியாளாக நிற்கிறான். நல்ல கைத்திறன் உள்ள ஒரு பிள்ளையை இப்படி இழப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

சிங்களமும் தமிழும் அரசியலமைப்பின்படி தேசிய மொழிகள். அவற்றுள் எதன் மூலமும் கல்வி கற்கும் உரித்தை உறுப்புரை 21 வழங்குகிறது. தேசிய மொழியல்லாத ஒரு மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கே அது விதிவிலக்குத் தருகிறது. சிங்களத்தில் நடக்கும் தொழிற்பாடநெறிக்கு அந்த விதிவிலக்குப் பொருந்தாது என்பதே எனது வாசிப்பு.

ஏற்கெனவே தொழில் கற்றோருக்கும் இதில் பங்குண்டு. அனுபவத்தால் தொழில் கற்றவரை மதிப்பீடு செய்து என்.வி.கியூ. வழங்கும் முன்கற்றல் அங்கீகார முறை நடைமுறையில் உள்ளது. பஞ்சிகாவத்தையில் ஆண்டுக்கணக்காக இயந்திரம் பிரித்துப் பூட்டும் தமிழ் பேசும் பாஸ்மார் பலர் இதனை அறியாதிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் திண்டாடுவோர் இவர்கள்தான்.

எனவே, தொழிற்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு, தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் கொழும்பு வடக்கை அண்டிய கல்லூரிகளிலாவது பிரதான பாடநெறிகளைத் தமிழ் மொழிமூலமும் நடத்த வேண்டும். போதனாசிரியர் கிடைக்கும் வரை காத்திராமல், மதிப்பீட்டு வினாத்தாள்களையும் பாதுகாப்பு அறிவுறுத்தல்களையும் உடனடியாகத் தமிழில் தரலாம். மின்சாரத்துடனும் வெல்டிங் தீயுடனும் வேலை செய்யும் பிள்ளைக்கு எச்சரிக்கைப் பலகை விளங்காமல் இருப்பது உயிராபத்து. பகலில் கடையில் நிற்கும் இளைஞருக்காக மாலை நேர, வார இறுதி வகுப்புகளும் தேவை. எமது தமிழ்ப் பாடசாலை அதிபர்களும், அடுத்த விண்ணப்பக் காலம் வருமுன், பதினோராம் தர மாணவரை அவர்தம் பெற்றோருடன் ஒரு நாளேனும் இப்பட்டறைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொழும்பு 13.