தோல் மாற்றிய தைக்கோக்கள் (ஜப்பானிய முரசுகள்) குறித்த புகார்

அனுப்புநர்: கருவிப் பொறுப்பாளர், தைக்கோ குழு
பெறுநர்: பழுதுபார்ப்புப் பிரிவு மேலாளர்
நாள்: ஜூலை 3

பொருள்: இரண்டு நகாதோ (நீண்ட உடலுள்ள) தைக்கோக்களில் குறைபாடு – கட்டணமின்றி மறுபடி தோல் கட்டித் தரக் கோருதல்

ஐயா,

முன்னோரை நினைவுகூரும் ஒபோன் விழா ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. ஜூலை இறுதியிலிருந்தே வார இறுதிகளில் போன் ஒதோரி (ஒபோன் கால நடன) மேடைகள், நடுவே ஒத்திகைகள். இதற்காகத்தான் 1 ஷாக்கு 6 சுன் (ஜப்பானிய நீள அளவு), அதாவது சுமார் 48 செ.மீ. விட்டமுள்ள முகம் கொண்ட இரண்டு கெயாக்கி மரத் தைக்கோக்களை மழைக்காலத்துக்கு முன்பே உங்களிடம் அனுப்பினோம். திரும்பி வந்தவை மேடையேற்றும் நிலையில் இல்லை.

முதல் குறை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்: தோலின் காதுகளை, அதாவது ஆணிகளைத் தாண்டி நீளும் தோல் விளிம்பை, வெட்டிவிட்டீர்கள். ஆணி வரிசைக்கு வெளியே காதுகளை விட்டுவைக்கும்படி ஆர்டர் படிவத்தில் எழுதியிருந்தோம். புதுத் தோல் அடிபட அடிபடத் தளரும். காது இருந்தால் ஆணிகளைக் கழற்றி, காதில் கட்டை செருகிக் கயிறு போட்டு, ஜாக்கி வைத்து அதே தோலை மீண்டும் இழுக்கலாம். இப்போது இழுக்கப் பிடிமானமே இல்லை. புதுத் தோல்தான் வழி.

அந்தத் தளர்ச்சியும் வந்துவிட்டது. சோடியாக வாசிக்கும் இரண்டில் ஒன்றின் சுருதி நன்றாக இறங்கி, வேகமான அடிகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஈரப்பதம்தான் காரணம் என்று உங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னார். ஈரத்தில் தோல் தொய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதே அறையில் இருக்கும் பழைய தைக்கோ இந்த அளவுக்கு இறங்கவில்லை. ஈரநீக்கி ஓடவிட்டபோது அது பழைய சுருதிக்குத் திரும்பியது. உங்களுடையது பாதிகூட ஏறவில்லை. ஆணி அடிக்குமுன் தோலைப் போதிய அளவு இழுத்து, மேலே ஏறி மிதித்து, மறுபடி இழுக்கவில்லை என்பதே எங்கள் முடிவு. வெயிலில் வைக்கச் சொன்ன யோசனையை ஏற்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் ஆணி வரிசையை ஒட்டித் தோல் கிழியும்.

அடுத்தது ஆணிகள். கீழ் வரிசையில் சில தலைகள் மேலெழும்பி நிற்கின்றன. பழைய துளைகளை மூங்கில் முளையால் அடைக்காமல் அவற்றிலேயே ஆணி இறக்கியிருக்கிறீர்கள், கைவிரலாலேயே அசைகிறது. தோலின் இழுவையைத் தாங்குபவை இந்த ஆணிகள்தான் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டி வந்ததே வருத்தம்.

உடன் கேட்ட ஷிமே தைக்கோ (இறுக்கிச் சுருதி ஏற்றும் சிறிய முரசு) தோல்களிலும் பிழை. கேட்டது நான்கு-சோ என்ற தடித்த ரகம், வந்தது நமித்சுகே என்ற மெல்லிய ரகம். நாங்கள் போல்ட்டு முறுக்கும் அளவுக்கு அது தாங்காது. அவற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம்; உங்கள் செலவில் மாற்றிக்கொள்ளவும்.

கோரிக்கைகள்: இரண்டு தைக்கோக்களையும் கட்டணமின்றி மறுபடி கட்ட வேண்டும். ஒத்திகை நிற்காதபடி ஒவ்வொன்றாக எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது அதே அளவில் இரவல் தைக்கோ தர வேண்டும். துளைகளை அடைத்த பிறகும், ஆணி அடிக்குமுன்பும் படம் அனுப்புங்கள். காதில் கத்தி படக்கூடாது. இரண்டும் ஜூலை 20-க்குள் கைக்கு வர வேண்டும். புதுத் தோல் சில ஒத்திகைகளிலாவது அடிபடாமல் மேடைக்குப் போகாது.

அந்த நாளுக்குள் முடியாதென்றால் தோல், கூலி இரண்டின் தொகையையும் திருப்பித் தாருங்கள், வேறிடத்தில் கட்டிக்கொள்கிறோம். எதுவானாலும் ஜூலை 7-க்குள் எழுத்தில் பதில் தேவை.

இணைப்பு: ஆர்டர் படிவ நகல், ரசீது, ஆணி வரிசையின் படங்கள், இரு தைக்கோக்களின் ஒலிப்பதிவு.

இப்படிக்கு,
கருவிப் பொறுப்பாளர்