எந்த விதியை மீறினேன் என்று சொல்லுங்கள்: ஒரு டேட்டிங் தளத்துக்குத் திறந்த மடல்

குறைதீர்ப்பு அலுவலருக்கும் பாதுகாப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம். சந்தா கட்டி உங்கள் டேட்டிங் தளத்தில் உறுப்பினராக இருந்த என் கணக்கை நிரந்தரமாகத் தடை செய்திருக்கிறீர்கள். "சமூக விதிகளை மீறியதால்" என்ற ஒரு வரிதான் காரணம். எந்த விதி, எந்தப் படம், யாருக்கு நான் அனுப்பிய எந்தச் செய்தி என்று எதுவும் அதில் இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் என் தரப்பை விரிவாக எழுதி அனுப்பினேன். அதைப் படித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, "பரிசீலித்தோம், முடிவு இறுதியானது" என்று பதில் வந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் எழுதினால் ஒரு மனிதர் அதைப் படிப்பார் என்ற நம்பிக்கை போய்விட்டது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். நாற்பதை நெருங்குகிறேன், விவாகரத்தானவள். வீட்டில் மேட்ரிமோனி தளத்தில் பதியலாம் என்றுதான் சொன்னார்கள், பதிந்தும் பார்த்தோம். அங்கே சாதி, நட்சத்திரம், விவாகரத்துக்கு யார் காரணம் என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பற்றிய பேச்சே வரும். போனில் பேசுவதும் பெரும்பாலும் அவருடைய அக்காவோ சித்தப்பாவோதான். எனக்கு முதலில் வேண்டியது நேரடியாகப் பேசிப் பழக ஒரு மனிதர். பணம் கட்டி வருகிற இடத்தில் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் குறைவாக இருப்பார்கள் என்று நம்பி உங்களிடம் ஆறு மாதச் சந்தா எடுத்தேன். அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை. உங்கள் தளத்தில் நல்லவர்களைச் சந்தித்தேன். திரும்ப வர நினைப்பதே அதனால்தான்.

தடைக்கு என்ன காரணம் என்று நீங்கள் சொல்லாததால் நானே ஊகிக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் எனக்குப் பரிசு அனுப்பியதாகவும், பார்சல் டெல்லி விமான நிலையச் சுங்கத்தில் நிற்பதாகவும், அதை விடுவிக்க நான் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். இது பழைய மோசடி, செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு உங்களிடம் அவரைப் பற்றிப் புகார் செய்தேன். அதற்குச் சில நாளில் முடங்கியது என் கணக்குதான். அவரும் அவருடைய ஆட்களும் சேர்ந்து என் மீது எதிர்ப்புகார்களைக் குவித்திருக்கலாம். அப்படியானால் மோசடியைக் காட்டிக்கொடுத்தவளைத்தான் நீங்கள் வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

இல்லையென்றால் என் போன் நம்பர் காரணமாக இருக்கலாம். விவாகரத்துக்குப் பிறகு நிம்மதி வேண்டி நம்பரை மாற்றினேன். இந்தியாவில் ஒருவர் கைவிட்ட நம்பரைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்த நம்பரின் பழைய சொந்தக்காரர் பெயரைக் கேட்டு எனக்கு இன்னும் அழைப்புகள் வருகின்றன. அந்த மனிதர் எப்போதோ உங்கள் தளத்தில் தடை செய்யப்பட்டவராக இருந்தால், உங்கள் கணினி என்னையும் அவரையும் ஒரே ஆள் என்று நினைத்திருக்கக்கூடும். நம்பர் என் பெயரில் எப்போது வந்தது என்பதற்கு சிம் வாங்கிய ஆவணம் இருக்கிறது. ஆனால் எதை மறுக்க வேண்டும் என்று தெரியாமல் அந்த ஆவணத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்?

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோசடி ஆட்களை உடனுக்குடன் நீக்கத்தான் வேண்டும். முதலில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு விசாரித்தால்கூட எனக்குச் சம்மதம், பெண்கள் தைரியமாக உங்கள் தளத்துக்கு வர அது தேவை. ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்தாக வேண்டுமே.

என்னை அதிகம் காயப்படுத்தியது தடை அல்ல. நான் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நீங்கள் அனுப்பிய எச்சரிக்கை. மதுரையில் ஒருவர், பொறுமையாகப் பேசுகிற மனிதர். போன் நம்பர் பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் வளர்ந்திருந்தது. அவர்தான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிவைத்தார். நீங்கள் உரையாடிய நபர் பாதுகாப்புக் காரணங்களுக்காக நீக்கப்பட்டார், அவருக்குப் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அதில் இருந்தது. "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். கேட்டதே பெரிது. நானும் நடந்ததைச் சொன்னேன், நம்புவதாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஒரு ஜாக்கிரதை வந்துவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். நம்பர் வாங்கிக்கொள்ளாத மற்றவர்கள்? அவர்களைப் பொறுத்தவரை நான் இப்போது ஒரு ஏமாற்றுக்காரி. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. விவாகரத்தான பெண்ணைப் பற்றி ஊரில் சொல்வதற்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்துவிட்டீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு முடங்கிய பிறகு, சந்தாவைப் புதுப்பிக்கப் பணம் எடுக்கப்போவதாக வங்கியிலிருந்து முன்னறிவிப்பு வந்தது. பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது அப்படிச் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால்தான் ஆட்டோபேயை ரத்து செய்ய முடிந்தது. உள்ளே விடாத இடத்துக்குக் கட்டணம் கேட்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? வங்கியில் தகராறு மனு கொடுத்து, முன்பே கட்டிய சந்தாப் பணத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், டேட்டிங் தளங்களை நடத்தும் மேட்ச் நிறுவனத்தின் மீது 2019-ல் போட்ட வழக்கில், கட்டணத்தை எதிர்த்து வங்கியில் முறையிட்டவர்களின் கணக்குகளை அந்த நிறுவனம் பூட்டியதும் ஒரு குற்றச்சாட்டு. 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து 2025-ல்தான் அது சமரசமானது. பணம் கேட்டதால்தான் தடை என்று என் விஷயத்திலும் பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது. தடை முதலில் வந்தது, அது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று குறைதீர்ப்பு அலுவலருக்குச் சொல்லின. 2022 அக்டோபரில் செய்த திருத்தம், அவருடைய முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம் என்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. "எந்தக் காரணமும் கூறாமல் நீக்கலாம்" என்ற உங்கள் நிபந்தனையை அதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

உங்கள் தளம் ஐரோப்பாவிலும் நடக்கிறது. அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒரு கணக்கை முடக்கினால் எந்த நிபந்தனை மீறப்பட்டது, எந்த நிகழ்வை வைத்து முடிவெடுத்தீர்கள், தானியங்கி முறை பயன்பட்டதா என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெர்லினில் இருக்கிற உறுப்பினருக்குச் சொல்லும் காரணத்தைத் திருச்சியில் இருக்கிறவளுக்கும் சொல்லுங்கள். அந்தப் பெண் கட்டியதும் பணம், நான் கட்டியதும் பணம்.

ஆகவே, என் கோப்பை ஒரு மனிதர் திறந்து பார்க்கட்டும். எந்த விதி என்று எழுதுங்கள். சிம் ஆவணம், அடையாள அட்டை, வீடியோவில் என் முகம் என எதைக் கேட்டாலும் தருகிறேன். நான் சொன்னவை உண்மை என்று தெரிந்தால் கணக்கைத் திறந்துவிடுங்கள். அந்த லண்டன் டாக்டர் இன்னும் உங்கள் தளத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இதற்கும் அதே "இறுதியானது" பதில்தான் வருமென்றால், அதை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக் குழுவிடம் போவேன்.

என்னைத் திரும்பச் சேர்க்கவே முடியாது என்று முடிவெடுத்தாலும், மோசடி செய்தேன் என்பதற்குச் சான்று இல்லையென்றால், என்னோடு பேசியவர்களுக்கு அனுப்பிய எச்சரிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும்.

இப்படிக்கு,
உங்களால் தடை செய்யப்பட்ட உறுப்பினர்,
திருச்சி.